கப்பலே வராத 26 வருஷம்: தரங்கம்பாடி போனவர்கள் வாருங்கள்

தனிவழிப்பயணி எழுதியது:

போன வாரம் வேலையாக மயிலாடுதுறை போன இடத்தில் ஒரு நாள் முழுசாக மிச்சப்பட்டது. சரி, தரங்கம்பாடியைப் பார்த்துவிடலாம் என்று காலையிலேயே பேருந்து ஏறிவிட்டேன். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டி ஊர் முக்கில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் ஒரு வெள்ளை நுழைவாயில் நிற்கிறது. மேலே டென்மார்க் அரச முத்திரை, 1792 என்று ஆண்டு. அதைத் தாண்டியதும் கடைத்தெரு இரைச்சல் பின்னால் போய்விடுகிறது. இரண்டு பழைய தேவாலயங்கள், தூண் வைத்த பெரிய பெரிய வீடுகள், தெருமுனையில் ஒரு திடல், திடலின் ஓரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை, அதற்குப் பின்னால் கடல். அவ்வளவுதான் ஊர்.

கோட்டையில் அன்றைக்கு ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். படம் எடுத்தார்கள், அலையில் கால் நனைத்தார்கள், ஒரு மணி நேரத்தில் வண்டியேறிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அங்கே நின்று யாராவது கதை சொன்னால்தானே கேட்பார்கள். என்னை அந்த ஊருக்கு இழுத்தது ஒரு ஆளுடைய கதை. எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்று பெயர்.

டென்மார்க்காரர்கள் 1620இல் இங்கே கோட்டை கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். ஐரோப்பாவில் அவர்கள் ஒரு போரில் மாட்டிக்கொண்டார்கள், கோட்டையை நடத்திய அவர்களுடைய வாணிபக் கம்பெனி கடனில் மூழ்கியது. 1639இல் டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல்தான் கடைசி, அதுவே வழியில் பிடிபட்டுத் தாமதமாகி 1643இல்தான் வந்து சேர்ந்தது. அதில் வந்த தலைவர் வில்லெம் லேயெல், 1648இல் சொந்த ஆட்களே கலகம் செய்து அவரை விரட்டிவிட்டார்கள். 1650இல் டென்மார்க் அரசர் கம்பெனியையே கலைத்துவிட்டார். கம்பெனியே இல்லாத ஊரில் கம்பெனிக் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது, யோசித்துப் பாருங்கள். லேயெலுக்கு அடுத்து வந்தவரும் 1655இல் இறந்துபோகிறார். மிஞ்சியவர் இந்த எஸ்கில்ட். பெரிய குடும்பத்துப் பிள்ளை கிடையாது, சாதாரண ஆள். அவரே தலைவராகிக்கொண்டார்.

கப்பம் கட்டவில்லை என்று தஞ்சை நாயக்கர் படை அனுப்பி முற்றுகையிட்டது, அதுவும் ஒரு தடவை இல்லை. இவர் வங்காள விரிகுடாவில் போகிற கப்பல்களைப் பிடித்து, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார், கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். மற்ற நாட்டுக் கப்பல்களில் ஊருக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார், நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று. 1669 மே மாதம் ஃபேரோ என்ற போர்க்கப்பல் வந்து சேர்ந்தது. 26 வருஷம் கழித்து டென்மார்க்கிலிருந்து வந்த முதல் கப்பல். அதில் அவரைத் தலைவராக நியமிக்கும் உத்தரவும் வந்தது.

அந்த மேல்தளத்தில் நின்று கிழக்கே பார்த்தேன். ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். 14 வருஷம் ஒரு ஆள் தினமும் இதைத்தானே பார்த்திருப்பார் என்று நினைத்தபோது என்னமோ செய்தது. இந்த ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த கதை, போன அனுபவம் எதுவானாலும் எழுதுங்கள். அவசரம் இல்லை, நீளமாகவே எழுதுங்கள்.


பொறையார்ப்பையன் எழுதியது:

அண்ணா, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரைப் பற்றி இப்படி ஒருவர் எழுதிப் பார்த்ததே இல்லை. பேருந்தில் வந்தேன் என்றீர்களே, முன்னால் ரயில் இருந்தது தெரியுமா? மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை, 1926இல் போட்டது. 1986இல் நிறுத்திவிட்டார்கள். அப்பா தில்லையாடி நிலையத்தில் ஏறிப் பள்ளிக்கூடம் போனதாகச் சொல்லுவார். திரும்ப விடுங்கள் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.


சுவடிப்பூச்சி எழுதியது:

நண்பரே, அருமையான தொடக்கம். ஆனால் 1620ஐ ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குப் பிடித்த கதை இருக்கிறது.

டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடிக்கு வரவேண்டும் என்று கிளம்பவே இல்லை. அவர்கள் போனது இலங்கைக்கு. கண்டி அரசருக்குப் போர்த்துக்கீசியரை எதிர்க்க உதவி வேண்டும், பதிலுக்கு வாணிப உரிமை தருவார் என்று மார்செலிஸ் பொஷௌவர் என்ற ஆள் கோபன்ஹேகனில் போய்ச் சொல்லியிருந்தார். 1618இல் ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் கீழ்க் கப்பல்கள் கிளம்பின. வந்து சேர இரண்டு வருஷம் ஆகிறது. பாதிக்கு மேற்பட்ட ஆட்கள் வழியிலேயே போய்விட்டார்கள், அந்த பொஷௌவர் உட்பட. கண்டி அரசரோ அந்த ஆள் பேசிய பேச்சுக்கு நான் பொறுப்பில்லை என்கிற மாதிரி கையை விரித்துவிட்டார்.

இதற்கிடையில் முன்னாலேயே புறப்பட்ட ஒரு கப்பல், அதில் ரோலண்ட் கிராப்பே என்பவர், காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியரிடம் சிக்கி 1619இல் மூழ்கியது. செத்தவர்களில் இரண்டு பேருடைய தலையை வெட்டிக் கரையில் கழியில் குத்தி வைத்தார்கள். கிராப்பேயும் 13 பேரும் நீந்தித் தப்பிக் கரையேற, உள்ளூர் ஆட்கள் பிடித்து ரகுநாத நாயக்கரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இந்த இடத்தில் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். ஆனால் நாயக்கர் கணக்குப் போட்டார். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் தனியாகக் கொழுத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னொருவன் போட்டிக்கு வந்தால் நமக்கு நல்லதுதானே. அதனால் கிடைத்ததுதான் தரங்கம்பாடி. 1620 நவம்பரில் உடன்படிக்கை.

நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில் எழுதியது. வாசகம் தமிழில், கையெழுத்து தெலுங்கில். இன்றைக்கும் கோபன்ஹேகனில் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. தஞ்சாவூரில் உட்கார்ந்து தெலுங்கில் பேசுகிற அரசர், தமிழில் ஓலை எழுதுகிற மாதிரி தங்கத்தில் எழுதி, பனி பெய்கிற நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். என்றைக்காவது அதை நேரில் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.


புதியவள் எழுதியது:

நான் இந்தப் பக்கமெல்லாம் போனதில்லை, படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். முதல் தமிழ்ப் புத்தகம் அச்சானது தரங்கம்பாடியில்தானே? அப்புறம் தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடுகிற ஊர் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே, அந்தப் பெயரை யார் வைத்தது?


சுவடிப்பூச்சி எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. இல்லை. இந்தத் தவறு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் தம்பிரான் வணக்கம், 1578இல் கொல்லத்தில், என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற சேசு சபைப் பாதிரியார் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால் 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது, ஆனால் அது ரோமன் எழுத்தில். தரங்கம்பாடி அச்சகம் வந்தபோது தமிழ் அச்சு ஏற்கெனவே 130 வருஷம் கடந்திருந்தது.

ஆனால் தரங்கம்பாடிக்கு முதலிடம் கொடுக்காவிட்டால் அதன் பெருமை குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முந்தைய முயற்சிகள் எல்லாம் கொஞ்ச நாள் ஓடி நின்றுபோனவை. இங்கே அச்சு நிலைத்தது.

சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் தேதி கரையிறங்கும்போது வயது 23தான், மறுநாள் பிறந்தால் 24. மதம் பரப்ப வந்த ஜெர்மன் பாதிரியார், அனுப்பியது டென்மார்க் அரசர். உள்ளூர்க் கம்பெனிக்காரர்களுக்கு அவர் வந்ததே பிடிக்கவில்லை. 1708இல் கோட்டையிலேயே நாலு மாதம் அடைத்து வைத்தார்கள். அதாவது தனிவழிப்பயணி நின்று கடலைப் பார்த்த அதே கட்டடம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றுக்கொண்டார்.

அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு வந்தன. வந்து பார்த்தால் எழுத்து ஒவ்வொன்றும் பெரிசு. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அடித்தால் கையில் இருக்கிற காகிதம் போதாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டுமே! கப்பலில் பாலாடைக்கட்டி வருமில்லையா, அதைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கி வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுசாக அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கும் கப்பலையே நம்பியிருக்க முடியாது என்று பொறையாரில் காகிதப் பட்டறை ஒன்றும் போட்டார்கள். தம்பி பொறையார்ப்பையன், அந்த இடம் எது என்று நீதான் சொல்லவேண்டும்.

ஒரே ஒரு வருத்தம் சொல்லி முடிக்கிறேன். சீகன்பால்கு தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஊருக்கு அனுப்பினார். மற்ற மதத்தை அழிக்க அனுப்பினோமா, பரப்ப அனுப்பினோமா என்கிற மாதிரி அங்கே முகம் சுளித்து மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். 1719இல் 36 வயதில் அவர் இறந்துவிட்டார். அந்த நூல் அச்சேறியது 1867இல். கிட்டத்தட்ட 150 வருஷம்.


பொறையார்ப்பையன் எழுதியது:

கடுதாசிப்பட்டறை! ஐயா, இந்தப் பெயரை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்லுவார்கள். சின்ன வயதில் ஏதோ தபால் சம்பந்தப்பட்ட இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காகிதம் செய்த இடம் என்று கல்லூரி போனபிறகுதான் தெரிந்தது. பெயர் இருக்கிறது, பட்டறை இல்லை.


மேலவீதி எழுதியது:

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அலைகள் பாடும் ஊர் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் பாடி என்பது பாடுவது அல்ல. ஆயர்பாடி என்றால் ஆயர்கள் பாடுகிறார்கள் என்றா பொருள்? ஆயர்கள் குடியிருக்கிற இடம். வாணியம்பாடியும் அப்படித்தான். பாடி என்றால் குடியிருப்பு, ஊர். தரங்கம் என்றால் அலை. அலையோரத்துக் குடியிருப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதுவும் பிற்காலப் பெயர். கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறதே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் கட்டியது, அதன் கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்றும் இருக்கிறது. பட்டினம் என்று சொன்னாலே வாணிபம் நடந்த கடற்கரை ஊர் என்று அர்த்தம். ஆகவே டென்மார்க்காரர்கள் வெறும் மணல்திட்டில் வந்து ஊர் உண்டாக்கினார்கள் என்று பேசுவது சரியில்லை. அவர்கள் வருவதற்கு 300 வருஷம் முன்னாலேயே பாண்டியன் பெயரில் பட்டினம் இருந்திருக்கிறது.

டென்மார்க்காரர்கள் வாயில் இது டிராங்கபார் ஆனது. அறிவியல் பெயர்களிலும் அது ஒட்டிக்கொண்டது. நம் வயல்வெளியில் மேய்கிற சிவப்புப் புறா ஒன்றுக்கு ட்ரான்க்குபாரிக்கா என்றுதான் அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதி. தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் இங்கே வைத்தியராக வந்து செடி கொடிகளைச் சேகரிக்க ஆரம்பித்தார், அதிலிருந்து ஒரு பெரிய கூட்டமே இந்த ஊரில் உட்கார்ந்து செடி, பறவை, சங்கு என்று எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

கோயிலுக்கு யாராவது போனால் கவனித்துப் பாருங்கள், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் பாறை கொட்டித் தடுத்திருக்கிறார்கள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.


வலைக்காரி எழுதியது:

நான் அந்தக் கரையில் பிறந்தவள். இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எல்லோரும் நல்லா எழுதியிருக்கிறீர்கள், படித்தேன். ஆனால் தரங்கம்பாடிக் கதை என்றால் டென்மார்க்காரர், ஜெர்மன்காரர், நாயக்கர். கரையில் இருந்தவர்கள் எங்கே?

அந்தக் கரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துறைமுகம் கிடையாது. அலை உடைகிற இடம் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். பெரிய கப்பல் ஒன்றும் கரைக்கு வரமுடியாது, எட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மிளகு, துணி, ஆட்கள், அந்த அச்சு இயந்திரம், காகிதக் கட்டு, எல்லாம் எப்படிக் கரைக்கு வந்தன? கயிற்றால் தைத்த மசூலாப் படகிலும் சலங்கிலும் கட்டுமரத்திலும்தான். ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். எந்த அலைக்குப் பின்னால் எந்த அலை வரும், எப்போது துடுப்பு வலிக்கவேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். கவர்னராக இருந்தாலும் எங்கள் படகில் நனைந்துதான் இறங்கியிருப்பார்.

அதே மாதிரி 26 வருஷம் கப்பல் வரவில்லை, ஒரே ஆள் தனியாக இருந்தார் என்கிறீர்கள். தனியாக எப்படி அண்ணா இருக்கமுடியும்? அவருக்குச் சோறு யார் போட்டது? அந்த மதிலுக்குக் கல் சுமந்தது யார்? முற்றுகை வந்தபோது மதில்மேல் நின்றது யார்? ஒரு ஆள் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஒரு ஊரைக் காப்பாற்ற முடியாது. கப்பல் வராத 26 வருஷமும் எங்கள் படகு தினமும் போய்விட்டு வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி எங்கள் வீட்டில் இரண்டு பேரை இழந்தோம். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத முடியவில்லை. அதற்கப்புறம் வீடுகள் கரையை விட்டு உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல வீடுதான், ஆனால் படுத்தால் அலைச் சத்தம் கேட்காது. அம்மா ரொம்ப நாள் தூங்காமல் கிடந்தார். கடலைக் கண்டால் பயம், சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராது. காற்று மாறினால் கச்சானா கொண்டலா என்று படுக்கையிலிருந்தே சொல்லுவார், உள்ளே போனபிறகு அதுவும் போய்விட்டது.

கோபமாக எழுதவில்லை. அடுத்த தடவை போனால் குப்பத்துப் பக்கமும் வாருங்கள், தேத்தண்ணி குடிக்காமல் யாரையும் அனுப்பமாட்டார்கள்.


தனிவழிப்பயணி எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். நீங்கள் சொன்னது சரி. நான் மேல்தளத்தில் நின்று கிழக்கே பார்த்து ஒன்றுமே இல்லை என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு என் கண்ணுக்கு நேரே நாலைந்து படகுகள் இருந்தன. எடுத்த படத்தை இப்போதுதான் திறந்து பார்த்தேன், இருக்கின்றன. கப்பலைத் தேடிய கண்ணுக்குப் படகு தெரியவில்லை. உங்கள் வீட்டு இழப்புக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.


ஈயக்காசு எழுதியது:

நான் பழைய நாணயம் சேகரிக்கிறவன், என் பெயரிலேயே தெரியும். டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியிலேயே காசு அடித்தார்கள். முதலில் ஈயத்தில், அப்புறம் செம்பில். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் அரசரின் பெயர் எழுத்துகளைப் பின்னி மேலே கிரீடம். நான்காம் கிறிஸ்டியன் காசு, ஐந்தாம் கிறிஸ்டியன் காசு, நான்காம் ஃபிரெடரிக் காசு என்று எழுத்தை வைத்தே பிரித்துவிடலாம். தஞ்சாவூர்ச் சீமையில் காய்கறி வாங்கிய கையில் கோபன்ஹேகன் அரசர் கிடந்திருக்கிறார்.

எஸ்கில்ட் விஷயத்தில் எனக்கும் ஒன்று சொல்லவேண்டும். கப்பல்களைப் பிடித்தார் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அவை வங்காளத்து வணிகர்களின் கப்பல்கள். டென்மார்க்காரர்கள் 1642லேயே வங்காளத்து முகலாயர் மேல் போர் அறிவித்துவிட்டு அந்தச் சாக்கில் போகிற வருகிற கப்பலையெல்லாம் பிடித்தார்கள். சரக்கை இழந்த அந்த வணிகருக்கு இது சாகசக் கதை இல்லை, கொள்ளை. அந்தச் சண்டை தீர்ந்தது 1698இல்தான். தரங்கம்பாடி மதிலில் பாதி வங்காளத்துப் பணம் என்றால் மிகையில்லை.


தனிவழிப்பயணி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு அந்த ஆள்மேல் இருக்கிற ஈர்ப்பு போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கொள்ளையடித்த பணத்தோடு ஏதாவது ஒரு கப்பலேறி ஊருக்குப் போயிருக்கலாம். அல்லது கோட்டையை டச்சுக்காரர்களுக்கு விற்றிருக்கலாம். கலைந்துபோன கம்பெனிக்காக அதைச் செய்யாமல் இருந்தார் பாருங்கள், அது ஏன் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. புரியாததால்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.


காற்றுவாங்கி எழுதியது:

சென்ற வருடம் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கினோம். கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று வழிகாட்டி சொன்னார். அதற்காகவே நிறையப் பேர் வருகிறார்களாம். உண்மையா?


மேலவீதி எழுதியது:

நல்ல காற்று என்பது உண்மை, ஓசோன் என்பதை விட்டுவிடுங்கள். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல், அது வானத்து உயரத்தில் இருக்கும்போதுதான் நமக்குக் கவசம். கடலோரத்தில் மூக்கில் ஏறுகிற அந்த வாசனை கடலில் மிதக்கிற நுண்பாசிகளிலிருந்து வருகிற கந்தகச் சேர்மம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கை எப்படியோ இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. வழிகாட்டிகள் இந்த இரண்டு நிமிஷத்தில் ரகுநாத நாயக்கரின் தங்கக் கடிதத்தைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.


சுவடிப்பூச்சி எழுதியது:

இழை நீள்வதால் மிச்சமிருப்பதைச் சுருக்கமாகக் கொட்டிவிடுகிறேன்.

நிக்கோபார் தீவுகளை டென்மார்க்காரர்கள் 1756இல் தங்களுடையது என்று அறிவித்து, தரங்கம்பாடியிலிருந்துதான் ஆட்களை அனுப்பினார்கள். காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள், குடியேற்றம் நிலைக்கவே இல்லை. கடைசியில் 1868இல் அந்த உரிமையையும் ஆங்கிலேயரிடம் விற்றார்கள்.

நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலேரான் 1802இல் கல்யாணம் செய்துகொண்டாரே கேத்தரின், அந்த அம்மா பிறந்தது தரங்கம்பாடியில். பாரிஸ் அரண்மனை வட்டாரத்தில் இளவரசிப் பட்டத்தோடு உலாவிய பெண்ணின் முதல் காற்று நம் காவிரிக் கடைமடைக் காற்று.

1845இல் ஊரை விற்றார்கள். தரங்கம்பாடி, வங்காளத்துச் செரம்பூர் எல்லாம் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய். 225 வருஷத்துக் கணக்கு அதோடு முடிந்தது. அதற்கப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது, இந்த ஊர் அப்படியே நின்றுபோனது. ஊர் வளராமல் போனதால்தான் அந்தத் தெருவும் வீடுகளும் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது நல்லதா என்று வலைக்காரியையும் பொறையார்ப்பையனையும்தான் கேட்கவேண்டும்.


பொறையார்ப்பையன் எழுதியது:

ஐயா, நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. பழைய வீடுகளைச் சரிசெய்யும் வேலையில் எங்கள் ஊர்க் கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரை போடுவதைத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள், என் மாமாவும் அதில் ஒருவர். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்துப் பூசினால் உப்புக்காற்றைத் தாங்கும் என்பார். ஆனால் அந்த வேலை வருஷம் முழுக்க இருக்காது. படித்த பையன்கள் எல்லோரும் வெளியூர்தான். ரயில் வந்தால் கொஞ்சம் மாறும் என்று நம்புகிறோம்.


புதியவள் எழுதியது:

நான் போகப்போகிறேன். யாராவது வருகிறீர்களா?


தனிவழிப்பயணி எழுதியது:

நான் வருகிறேன். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை எல்லோருக்கும் தோதுப்படுமா பாருங்கள். முந்தின இரவே மயிலாடுதுறை வந்துவிட்டால் காலை முதல் பேருந்தில் ஏறி வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். இந்தத் தடவை கோட்டையில் ஆரம்பிக்கவேண்டாம். முதலில் மாசிலாமணிநாதர் கோயில், அப்புறம் கரையோடு நடந்து குப்பம், வெயில் ஏறியதும் தேவாலயத்தில் சீகன்பால்கு கல்லறை, மத்தியானம் பொறையாரில் கடுதாசிப்பட்டறை, தம்பி வழிகாட்டட்டும். கோட்டை சாயங்காலம். சுவடிப்பூச்சி ஐயா கட்டாயம் வரவேண்டும், தங்கக் கடிதத்தின் கதையை அந்த மேல்தளத்தில் நின்று உங்கள் வாயால் கேட்கவேண்டும்.

வலைக்காரி அக்கா, கரையில் யாரைப் போய்ப் பார்ப்பது என்று தனிச்செய்தியில் சொன்னால் போதும்.


வலைக்காரி எழுதியது:

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். விடிகாலையில் வந்தால் படகு திரும்புகிற நேரமாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் வந்தால் வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள், பேச நேரம் இருக்காது. ஆறரைக்கே வந்துவிடுங்கள்.